ஏர் கன் வாங்கி தோட்டத்துல முயல், கௌதாரி அடிக்கலாமா? லைசென்ஸ் வேணாம்ங்கறாங்களே

வெள்ளகோவில்காரன்:
வணக்கமுங்க எல்லாருக்கும். நமக்கு தோட்டம் வெள்ளகோவில் பக்கம், கொஞ்சம் கிணத்துப் பாசனம், மீதியெல்லாம் மானாவாரி. இந்த வருசம் கடலை போட்டிருக்கோம். முளைச்சு நாலு இலை விட்டதும் ராத்திரியில முயல் வந்து கத்திரியில வெட்டின மாதிரி சாய்வா நறுக்கிட்டு போயிடுது, காலையில போய் பாத்தா வரப்போரம் மொட்டக் குச்சியா நிக்குது, பக்கத்துலயே உருண்டை உருண்டையா புழுக்கை. கௌதாரி வேற காலையில கூட்டமா வந்து கிளறுது. மயிலைப் பத்தி சொல்லவே வேணாம், அது சாமி வாகனம், விட்ருங்க.

மச்சான் ஒருத்தன் ஏர் கன் வாங்கச் சொல்றான். 177 காலிபர்னா லைசென்ஸே வேணாமாம், ஆன்லைன்லயே ஆர்டர் போட்டா வீட்டுக்கு வந்துடுமாம். கேக்கறது என்னன்னா, 177 முயலுக்கு பத்துமா இல்ல 22 வாங்கணுமா, எவ்ளோ தூரத்துல இருந்து அடிச்சா விழும், ஸ்பிரிங் வாங்கறதா இல்ல காத்து ரொப்பற பிசிபி வாங்கறதா, ஸ்கோப் தனியா வாங்கணுமா. பதினஞ்சாயிரத்துக்குள்ள முடிஞ்சா நல்லா இருக்கும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணா. பயிரும் தப்பும், ஞாயித்துக்கிழமை கொழம்புக்கும் ஆச்சுன்னு ஒரு கணக்குதான்.

மொட்டமாடி_மன்னன்:
கொழம்பு வைக்கறதுக்கு முன்னாடி ரேஞ்சர் ஆபீஸ்ல எத்தனை பேரு சாப்புடுவாங்கன்னு கேட்டுக்கங்க தம்பி, ஜீப்ல ஏத்தும்போது சட்டியையும் சேத்துதான் எடுத்துட்டு போவாங்க 😂

கறுப்புகோட்டு:
மேல நண்பர் சிரிச்சாலும் விஷயம் அதுதான். நான் திண்டுக்கல் பக்கம் கோர்ட்டுல இருக்கேன், இந்த மாதிரி கேஸ் நிறைய பாக்கறேன், முக்காவாசி பேரு சொல்றது உங்க மச்சான் சொன்னதேதான். "துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணாம்னு சொன்னாங்க சார்."

ரெண்டும் தனித்தனி சட்டம். துப்பாக்கி வச்சிருக்கறது ஆயுதச் சட்டம். 2016ல வந்த ஆயுத விதிகள் படி குழாய் ஓட்டை 4.5 மில்லி, அதாவது 177 காலிபர், குண்டோட சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேணாம், அடையாள அட்டை காட்டி வாங்கிக்கலாம். 22 காலிபர்னா லைசென்ஸ் வேணும், அதனால அந்தப் பேச்சை இப்பவே விட்ருங்க. ஆனா அந்த துப்பாக்கியை எதை நோக்கி நீட்டறீங்கங்கறது வேற சட்டம், 1972ல வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். அதுக்கு நீங்க ஏர் கன்ல அடிச்சீங்களா, கவட்டையில அடிச்சீங்களா, கண்ணி வச்சீங்களா, நாயை விட்டு புடிச்சீங்களா, எல்லாம் ஒண்ணுதான். வேட்டைங்கறதுக்கு அதுல குடுத்திருக்கற விளக்கத்தை படிச்சுப் பாருங்க, கொல்றது மட்டும் இல்ல, முயற்சி பண்றதும் வேட்டை. குண்டு தப்பிப் போச்சு சார், முயல் ஓடிப்போச்சு சார்னு சொன்னா தப்பிக்க முடியாது.

இன்னொண்ணு, எங்க தோட்டம், பட்டா நிலம், காடு இல்லையேன்னு கேப்பாங்க. காட்டு விலங்கு உங்க வரப்புல நின்னாலும் காட்டு விலங்குதான். சரணாலயத்துக்குள்ள போய் அடிச்சா தண்டனை கூடுதல், அவ்ளோதான் வித்தியாசம்.

2022ல சட்டத்தை திருத்தி 2023 ஏப்ரல் 1லேர்ந்து அமலுக்கு கொண்டு வந்தாங்க. உயிரினங்களைப் பிரிச்சுப் போட்ட அட்டவணை முன்னாடி ஆறு இருந்தது இப்ப நாலு. முயல் ரெண்டாவது அட்டவணை. மூணு வருசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா அபராதம், இல்லன்னா ரெண்டும். அந்த அபராதம் முன்னாடி 25,000 வரைக்கும்னு இருந்தது, இப்ப ஒரு லட்சம் வரைக்கும். மயில், உடும்பு எல்லாம் முதல் அட்டவணை, அதுக்கு கொறஞ்சதே மூணு வருசம், ஏழு வரைக்கும் போகும். இது போக நீங்க கொண்டுபோன துப்பாக்கி, ஹெட்லைட்டு, பைக்கு எல்லாத்தையும் புடிச்சுட்டாங்கன்னா திரும்ப வராது. பதினஞ்சாயிரம் துப்பாக்கிக்கு போனாலும் பரவாயில்லன்னு சொல்றவன் கூட பைக்கு போகுதுன்னதும் அழறான்.

முயலால பயிர் போகுதுன்னா ஒரு வழி சட்டத்துலயே இருக்கு, 11வது பிரிவு. நிக்கற பயிரும் சொத்துதான்னு அதுல எழுதியே இருக்கு. ஆனா தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரு அதிகாரம் குடுத்த அதிகாரியோ எழுத்துல உத்தரவு போடணும். முயலுக்காக அப்படி உத்தரவு வாங்கின விவசாயியை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

வெள்ளகோவில்காரன்:
ரொம்ப நன்றிங்கண்ணா, இவ்ளோ இருக்கும்னு நெனைக்கவே இல்ல. எங்க அப்பிச்சி காலத்துல கௌதாரி புடிச்சு கூண்டுல வச்சு வளப்பாங்க, சந்தையில கூட வித்தாங்க. அப்ப காக்கா, எலி இதெல்லாம்? அது தொல்லை பிராணின்னு ஒரு லிஸ்ட்டு இருக்குன்னு யூட்யூப்ல ஒருத்தர் சொன்னாரே. அப்பறம் வெளிநாட்டுல எல்லாம் ஏர் ரைபிள்லயே முயல் அடிக்கறாங்களே, வீடியோ வீடியோவா வருது, அதைப் பாத்துதான் மச்சானுக்கே ஆசை வந்தது.

கறுப்புகோட்டு:
அந்த லிஸ்ட்டு பழைய அஞ்சாவது அட்டவணை. காக்கா, பழந்தின்னி வவ்வால், எலி எல்லாம் அதுல இருந்தது. 2022 திருத்தத்துல அந்த அட்டவணையையே எடுத்துட்டாங்க. இனிமே எதாவது ஒண்ணை தொல்லை பிராணின்னு சொல்லணும்னா மத்திய அரசு தனியா அறிவிக்கணும், இந்த ஏரியா, இவ்ளோ காலம்னு சொல்லி. அந்த யூட்யூப்காரர் பழைய புக்கை படிச்சுட்டு பேசியிருப்பாரு. கடையில விக்கற காடை பண்ணையில வளக்கற ஜப்பான் காடை, அதை வச்சு காட்டுல இருக்கறதையும் அடிக்கலாம்னு முடிவு பண்ணிடாதீங்க, அதையும் சொல்லிட்டு வர்றாங்க சிலபேரு.

யார்க்‌ஷயர்_தமிழன்:
வெளிநாட்டு வீடியோன்னு சொன்னதால நான் எழுதறேன், நான் இங்க இங்கிலாந்துல ஒரு கிராமத்து ஓரமா இருக்கேன், பக்கத்துல ஆட்டுப் பண்ணை வச்சிருக்கறவரோட நிலத்துல அவரு எழுதிக் குடுத்த அனுமதியோட முயல் அடிக்கறேன். இங்க அது சட்டப்படி சரி, ஆனா நீங்க நெனைக்கற மாதிரி துப்பாக்கியை தூக்கிட்டு கெளம்பற வேலை இல்ல.

மொதல்ல இங்க முயல்ங்கறதே வேற பிராணி. இது கூட்டமா வளை தோண்டி மண்ணுக்குள்ள குடியிருக்கும், ஒரு மேட்டுல நூறு ஓட்டை போட்டு வச்சிருக்கும், மாடு காலை விட்டா கால் ஒடியும். நம்மூரு முயல் வளை தோண்டாது, புதருக்குள்ள ஒரு பள்ளத்துல தனியா படுத்திருக்கும். இங்க முயலை கட்டுப்படுத்தறது நிலத்துக்காரனோட பொறுப்புன்னு 1954லேயே ஒரு சட்டம் இருக்கு. பறவைன்னா இங்கயும் எல்லாமே பாதுகாக்கப்பட்டதுதான், 1981 சட்டம். காட்டுப் புறா மாதிரி சிலதை மட்டும் பயிர் சேதத்துக்காக பொது லைசென்ஸ்னு ஒண்ணு வருசா வருசம் போட்டு அனுமதிக்கறாங்க, அதுலயும் வேற வழியில வெரட்டிப் பாத்தும் முடியலைன்னாதான். சும்மா வெளையாட்டுக்கு, இல்ல கறிக்காக மட்டும்னு அடிச்சா அதுவும் குத்தம். சாம்பல் அணில் அடிக்கலாம், 1876 வாக்குல அமெரிக்காவுல இருந்து கொண்டாந்து விட்டது, இங்க இருந்த செவப்பு அணிலை கிட்டத்தட்ட இல்லாம பண்ணிடுச்சு.

துப்பாக்கி இங்க 12 அடி பவுண்டு சக்தி வரைக்கும் லைசென்ஸ் இல்லாம வச்சுக்கலாம், உங்க கணக்குல 16 ஜூல் சொச்சம். அதுக்கு மேலன்னா போலீஸ் சர்டிபிகேட். ஸ்காட்லாந்துல 2016 கடைசியில இருந்து இதுக்கும் சர்டிபிகேட் வேணும். அனுமதி இல்லாத நிலத்துல துப்பாக்கியோட கால் வச்சாலே குத்தம், அடிச்சீங்களா இல்லையாங்கறது அடுத்த பேச்சு.

இப்ப நீங்க கேட்ட தூரம். வீடியோவுல 80 மீட்டர் 100 மீட்டர்னு காட்டறதெல்லாம் பெரிய பவர் துப்பாக்கி, பெரிய காலிபர். இந்த 12 அடி பவுண்டுல நான் 30 மீட்டருக்கு மேல போகமாட்டேன், காத்து அடிச்சா 20. குண்டு 35 மீட்டர் போறதுக்குள்ள சக்தியில கால்பங்குக்கு மேல செத்துடும். ஒடம்புல எங்க பட்டாலும் முயல் விழாது, வலியோட வளைக்குள்ள போயி ரெண்டு நாள் கழிச்சு சாகும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல ஒரு ரூபாய் காசு அளவு எடம், அங்க பட்டா மட்டும்தான் அங்கயே விழும். அந்த காசை 30 மீட்டர்ல, படுத்துகிட்டு, மங்கலான வெளிச்சத்துல, மூச்சு வாங்காம தொடர்ந்து அடிக்க முடியுதான்னு பேப்பர்ல பாக்கணும், முடியலன்னா கிட்ட போகணும், கிட்ட போகவும் முடியலன்னா வீட்டுக்கு வந்துடணும்.

ஸ்கோப்புல ஒரு சூட்சுமம் இருக்கு. அது குழாய்க்கு மேல ஒன்றரை இன்ச்சு ஒசரத்துல ஒக்காந்திருக்கு. 30 மீட்டருக்கு சரி பண்ணி வச்சா 6 மீட்டர்ல இருக்கறதை அடிக்கும்போது ஒன்றரை சென்டிமீட்டர் கீழ போகும், 45 மீட்டர்ல ஆறு சென்டிமீட்டர் கிட்ட கீழ போகும். காசு அளவு எடத்துக்கு ஆறு சென்டிமீட்டர்ங்கறது தாடையை ஒடைச்சு விடற வித்தியாசம். தூரத்தை கண்ணாலயே கணக்கு போடறேன்னு சொல்றவங்களை நம்பாதீங்க, புல்வெளியில எல்லா தூரமும் ஒரே மாதிரி தெரியும், நான் பகல்லயே போயி கம்பு நட்டு அளந்து வச்சுக்குவேன்.

சாயங்காலம் வேலி ஓரமா எறங்குகாத்துல படுத்தா மொதல்ல சின்னக் குட்டிங்க வரும், அப்பறம் பெருசு. ஒரு முயல் பின்னங்கால்ல நிமிந்து உக்காந்து காதை மட்டும் திருப்பும், அப்ப நீங்க சட்டைப் பொத்தான் உரசினாக்கூட பின்னங்காலை தரையில டொம்முனு ஒரு தட்டு தட்டும், அவ்ளோதான், மேடே காலி. பாதி நாள் ஒண்ணும் அடிக்காமதான் வருவேன்.

சும்மாஒருத்தன்:
எல்லாரும் ரொம்ப நல்லவங்க மாதிரி பேசறீங்க. எங்க ஊர்ல (சிவகங்கை பக்கம்) மாசி சிவராத்திரி வந்தா பாரி வேட்டைன்னு ஊரே கம்போட நாயோட கெளம்பும், தாத்தன் பூட்டன் காலத்து வழக்கம். இப்ப பாரஸ்ட்காரங்க ரோட்டுல நின்னு மறிக்கறாங்க. நரிக்குறவ மக்கள் காடை கொக்கு அடிச்சுதான் பொழச்சாங்க, சட்டம் வந்து அந்தத் தொழில் போயி ஊசி பாசி விக்க வந்தாங்க, அவங்களுக்கு பழங்குடி அந்தஸ்து குடுக்கவே 2023 ஆச்சு. ஆனா பங்களா வச்சிருக்கறவன் பண்ணை வீட்டுல அடிச்சா எவன் கேக்கறான்? மாட்டறதெல்லாம் கூலிக்காரனும் காலேஜ் பசங்களும்தான். இங்கிலாந்துல ஒருத்தர் பேப்பர் வாங்கிட்டு அடிக்கலாம், நம்ம வெவசாயி வரப்புல நிக்கற முயலை தொடக்கூடாது, என்ன ஞாயம் இது?

கறுப்புகோட்டு:
மாட்டறவன் யாருன்னு நீங்க சொன்னதுல நான் சண்டைக்கு வரமாட்டேன், உண்மைதான். ஆனா அதுக்கு பதில் பங்களாக்காரனையும் புடிங்கன்னு சொல்றதுதான், எல்லாரும் அடிங்கன்னு சொல்றது இல்ல. சிவகங்கைன்னு சொன்னீங்க, உங்க ஜில்லாவுலயே வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டியில பறவைக்காக தீபாவளிக்கு வெடியே போடறதில்ல, அதுவும் ஊர் வழக்கம்தான்.

ஏர் கன் சின்ன சாமான்தானேன்னு நெனைக்கறவங்களுக்கு அருணாச்சல பிரதேசத்தைப் பாக்கச் சொல்வேன். அங்க வீட்டுக்கு வீடு ஏர் கன், பசங்க பள்ளிக்கூடம் விட்டு வந்தா பறவை அடிக்கறது. காடு நெறைய இருக்கு, பறவை சத்தம் இல்லைங்கற நெலமைக்கு போயிடுச்சு. 2021 மார்ச்சுல கிழக்கு காமெங் ஜில்லாவுல லும்டுங்னு ஒரு கிராமத்துல, ஏர் கன்னை தானா வந்து ஒப்படைங்கன்னு அரசாங்கமே ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க. ரெண்டாயிரத்துக்கு மேல துப்பாக்கி வந்து சேந்துச்சு. குடுத்தவங்கல்லாம் வேட்டையை வழக்கமா வச்சிருந்த மலை ஜனங்கதான்.

மானாவாரி_மாரி:
பயிர் என்னாச்சுன்னு யாருமே பேசலையே. தம்பி, நான் கரூர் பக்கம், கடலைதான் எனக்கும். ஒரு முயலை அடிச்சா அடுத்த வாரம் அந்த எடத்துக்கு வேற முயல் வரும், ராத்திரி பூரா துப்பாக்கியோட குந்திட்டு இருந்தா காலையில தண்ணி கட்டறது யாரு.

முளைச்சு ஒரு மாசம்தான் ஆபத்து, அதுக்கப்பறம் செடி தடிச்சுடும், அது வரைக்கும் தாக்குப் புடிச்சா போதும். கோழிக்கூண்டுக்கு போடற கம்பி வலை இருக்குல்ல, ஒரு இன்ச்சு ஓட்டை, மூணு அடி அகலம், அதை வாங்கி ரெண்டரை அடி மேல நிக்கற மாதிரி கட்டி மீதி அரை அடியை வெளிப்பக்கமா தரையில மடக்கி மேல மண்ணு கல்லு போட்டு அமுக்கிடுங்க. முயலு வலைகிட்ட வந்து அடியில நுழையத்தான் பாக்கும், மடக்கின கம்பி மேலயே நின்னுகிட்டு இருக்கறதால முடியாது. முழு தோட்டத்துக்கும் வேணாம், காடு, கரடு, வேலிமுள்ளு பக்கமா எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் போடுங்க. புழுக்கை எங்க அதிகமா கெடக்கோ அதுதான் வழி. செலவு ஆகும்தான், ஆனா சுருட்டி வச்சா நாலஞ்சு வருசம் வரும். கம்பிக்கு முடியலன்னா பழைய சேலையை கட்டுங்க, அது பன்னிக்கு சரி, முயலுக்கு சுமார்தான், காத்துல ஆடினா கொஞ்ச நாள் பயப்படும் அப்பறம் பழகிடும். வரப்போரம் புதரை வெட்டிட்டா கௌதாரி பாதி கொறையும், அதுக்கு மறைவு வேணும். உண்மையச் சொன்னா கௌதாரி செல்லு (கரையான்), புழுவையும் தின்னும், அதை விட்ருங்க.

கண்ணி, கரண்டு கம்பி, அவுட்டுக்காய் (தீனிக்குள்ள வைக்கற வெடி) பக்கம் மட்டும் போயிடாதீங்க. கரண்டு கம்பியில முயலு சாகுதோ இல்லையோ ராத்திரி தண்ணி கட்ட வர்ற பக்கத்து தோட்டத்துக்காரன் செத்தா கொலை கேசு.

பன்னியையே நம்மளை சுட விடல பாத்துக்குங்க. 2025 ஜனவரியில ஆர்டர் போட்டாங்களே, காப்புக்காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வந்தா சுடலாம்னு, அதுவும் வனத்துறை ஆளுங்கதான் சுடணும்.

வெள்ளகோவில்காரன்:
மாரி அண்ணா, அந்த வெளிப்பக்கம் மடக்கற யோசனை சூப்பருங்க, இந்த வாரமே கம்பி வெலை கேக்கறேன். முயல் அடிக்கற பேச்சை விட்டாச்சு. ஆனா இங்க எல்லாரும் எழுதினதைப் படிச்சதுக்கப்பறம் துப்பாக்கி ஆசை கொறையல, கூடிப்போச்சு 😅 சும்மா பேப்பர்ல சுட வாங்கலாமுங்களா? தோட்டத்துலயே வச்சு சுட்டா பிரச்சனை வருமா?

பத்துமீட்டர்:
தாராளமா வாங்குங்க, அதுக்குத்தான் இந்த தளத்துல பாதிப் பேரு இருக்கோம். 177 ஸ்பிரிங் போதும், ப்ரெசிஹோல், எஸ்டிபி மாதிரி நம்ம நாட்டு கம்பெனிங்களே உங்க பட்ஜெட்ல போடறாங்க. பில்லையும் பவர் எழுதியிருக்கற பேப்பரையும் பத்திரமா வச்சுக்குங்க, யாராவது கேட்டா காட்டணும். எடுத்துட்டுப் போகும்போது பையில, குண்டு போடாம. பைக்ல தோள்ல மாட்டிட்டு போனீங்கன்னா ராத்திரி ஒம்போது மணிக்கு கரட்டோரம் நிக்கற பாரஸ்ட்காரருக்கு நீங்க பேப்பர் சுடப் போறீங்கன்னு எப்படித் தெரியும்?

பவர் பின்னாடி ஓடாதீங்க. ஒலிம்பிக்ல சுடற ஏர் ரைபிளே 7, 8 ஜூல்தான், அபினவ் பிந்த்ரா 2008ல பெய்ஜிங்ல தங்கம் வாங்கினது அந்த மாதிரி ஒண்ணுலதான். பத்து மீட்டர் தள்ளி, நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், பேனா முனையில வச்ச புள்ளி அளவு. நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் சுடறதும் இதேதான். ஒருதடவை கோயம்புத்தூர் ரைபிள் கிளப் மாதிரி எடத்துல போய் பக்கத்துல ஒக்காந்து பாருங்க, தோளுக்கு எப்படி வைக்கறது, கன்னத்தை எங்க சாய்க்கறதுன்னு அரை மணி நேரத்துல கத்துக்கறது வீடியோவுல ஒரு மாசம் ஆகும்.

ஸ்பிரிங் துப்பாக்கியை கெட்டியா புடிக்காதீங்க. குண்டு குழாயை விட்டு போறதுக்கு முன்னாடியே உள்ள பிஸ்டன் முன்னயும் பின்னயும் ஒதைக்கும், அழுத்திப் புடிச்சா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி போகும். முன்கையை சும்மா தட்டு மாதிரி விரிச்சு மேல வச்சுக்குங்க. ஸ்கோப்பும் ஏர் கன்னுக்குன்னே போட்டதா பாத்து வாங்குங்க, பெரிய துப்பாக்கி ஸ்கோப்பு இந்த ரெண்டு பக்க ஒதையில உள்ள கழண்டுடும். குண்டு இல்லாம சும்மா தட்டக்கூடாது, ஸ்பிரிங்கும் சீலும் போயிடும்.

வேட்டை மாதிரியே ஒரு சுவாரசியம் வேணும்னா பீல்ட் டார்கெட்டுனு ஒண்ணு இருக்கு, இங்கிலாந்துல ஆரம்பிச்சது. இரும்புத் தகட்டுல முயல், காக்கா மாதிரி வெட்டி நெஞ்சுல ஒரு சின்ன ஓட்டை, அந்த ஓட்டைக்குள்ள பட்டா தகடு மடங்கி விழும், ஓரத்துல பட்டா டிங்குனு சத்தம் மட்டும். 8 கஜத்துல இருந்து 55 கஜம் வரைக்கும் கலந்து கட்டி வைப்பாங்க, தூரத்தை நீங்கதான் கண்டுபுடிக்கணும். யார்க்‌ஷயர் அண்ணன் சொன்ன அந்த ஆறு சென்டிமீட்டர் கணக்கெல்லாம் இதுலதான் வெளையாடும். உங்க ஊர் லேத் பட்டறையில தகடு வெட்டிக்கலாம்.

தோட்டத்துல சுடறதுன்னா பின்னாடி என்ன இருக்குங்கறதுதான் முக்கியம். கிணத்துச் சுவர், கல்லுக்கட்டு மேல மாட்டாதீங்க, குண்டு தட்டையாகி திரும்பி வரும், கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்குங்க. உர மூட்டைச் சாக்குல சலிச்ச மணலை ரொப்பி ரெண்டு அடுக்கா வைங்க, அதுக்குப் பின்னாடி கிணத்து மண்ணு மேடு இருந்தா ரொம்ப நல்லது. குண்டு ஈயம், சுட்டு முடிச்சதும் கையை சோப்பு போட்டு கழுவிட்டு சாப்புடுங்க. மாடு மேயற எடத்துல பழைய குண்டு செதறிக் கெடக்க விடாதீங்க.

வெள்ளகோவில்காரன்:
சாக்கு நெறைய கெடக்குதுங்க. சலிக்காத மணல் போட்டா ஆகாதுங்களா?

பத்துமீட்டர்:
ஆகாது, உள்ள கல்லு இருந்தா அதுல பட்டு தெறிக்கும். சலிச்சே போடுங்க.